நான்கு சக்கரமும் சேரும் நேரம்

(வானொலி மறையுரை. தியானப் பகுதி: மாற்கு 13:33-37)



நம் வடசென்னையில் திருவருகைக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. ஆலயத்தில் ஊதா நிறத் துணி மாட்டும் அதே வாரத்தில்தான் வீட்டில் அரிசி மூட்டையைப் பரண்மேல் தூக்கி வைக்கிறோம். பேசின் பிரிட்ஜில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓட்டேரி நல்லா பக்கிங்காம் கால்வாயில் கலப்பது நமக்குப் பக்கத்தில்தான். ஒரு காலத்தில் படகு ஓடிய கால்வாய் அது. அது நிரம்பிவிட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை, தெருவுக்குள் வந்துவிடும்.

இன்று நாம் ஒரு வண்டியின் லிவரைப் பற்றிப் பேசப்போகிறோம். மறையுரையில் லிவருக்கு என்ன வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் பகுதியே வண்டிகளின் பகுதி. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் இரவெல்லாம் நம் தெருவோரம் வரிசை கட்டி நிற்கின்றன. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955 முதல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. ராணுவம் ஓட்டும் ஸ்டாலியன் லாரி அந்த நிறுவனத்தின் வண்டிதான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. விவிலியத்துக்கும் சக்கரம் புதிதல்ல. எசேக்கியேல் இறைவாக்கினர் தம் முதல் காட்சியிலேயே நான்கு சக்கரங்களைப் பார்க்கிறார். விடுதலைப் பயண நூல் 14-ஆம் அதிகாரத்தில் பார்வோனின் தேர்ச் சக்கரங்கள் கடலின் நடுவே புதைந்து, ஓட்ட முடியாமல் திணறுகின்றன. சேற்றில் மாட்டிய வண்டியின் கதை அவ்வளவு பழையது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று திருப்பலியில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, இன்று நாம் தியானிக்க எடுத்துக்கொண்ட இதே மாற்கு 13-ஆம் அதிகாரப் பகுதிதான். வீட்டுத் தலைவர் வெளியூர் போகிறார். ஒவ்வொரு பணியாளருக்கும் ஒவ்வொரு வேலை கொடுக்கிறார். வாயில் காப்பவரிடம் விழித்திருக்கச் சொல்கிறார். அவர் மாலையில் வருவாரா, நள்ளிரவிலா, சேவல் கூவும் வேளையிலா, காலையிலா என்று யாருக்கும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் இதன்மேல் மறையுரை ஆற்றினோம். மக்களும் கேட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அன்று இரவே மிக்ஜாம் புயலின் மழை வலுத்தது. இரண்டு நாளில் சென்னையின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. விழித்திருங்கள் என்று காலையில் சொன்னவர்களும் அதைக் கேட்டவர்களும் மறுநாள் விழித்தபோது கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நின்றது.

அந்த வாரம் வியாழக்கிழமை, ஏழாம் தேதி, சடையங்குப்பம் பக்கம் உணவுப் பொட்டலம், தண்ணீர் கேன், பால் பவுடர், பாய், போர்வை எல்லாம் கொண்டுபோக ஒரு பிக்கப் வண்டி கிடைத்தது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி. நல்ல மனம் படைத்த ஒருவர் இரண்டு நாளைக்குக் கொடுத்தார். ஓட்டியது நம் இளைஞர் இயக்கத்துத் தம்பி ஒருவர். சரக்கு வண்டி ஓட்டி நல்ல பழக்கம். ஆனால் இந்த வகை வண்டியைத் தொட்டதில்லை. பக்கத்தில் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். நடுவில் பங்குத்தந்தை. பின்னால் மூட்டைகளோடு நான்கு பிள்ளைகள். அந்த ஒரு நாள் பயணத்தில் அந்தப் பெரியவர் மூன்று முறை எங்களைத் திருத்தினார். அந்த மூன்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதுதான் இன்றைய மறையுரை.

வண்டி ஓட்டாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுவோம். சாதாரண பிக்கப்பில் எஞ்சின் பின்சக்கரம் இரண்டை மட்டும்தான் சுற்றுகிறது. முன்சக்கரங்கள் சும்மா உருண்டுகொண்டு, திரும்புவதற்கு மட்டும் உதவுகின்றன. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் கியர் பெட்டிக்கு அடுத்து இன்னொரு பெட்டி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். லிவரைத் தள்ளினாலோ குமிழைத் திருப்பினாலோ அது முன்சக்கரங்களையும் எஞ்சினோடு இணைத்துவிடும். டூ ஹெச் என்றால் இரண்டு சக்கரம். ஃபோர் ஹெச் என்றால் நான்கு சக்கரமும், வழக்கமான வேகத்தில். ஃபோர் எல் என்றால் நான்கு சக்கரமும், மிக மெதுவாக, மிக வலுவாக.

முதல் திருத்தம் பேசின் பிரிட்ஜைத் தாண்டுவதற்குள்ளேயே வந்தது. வியாசர்பாடி வழியாக மணலிப் பக்கம் போய்விடலாம் என்பது எங்கள் திட்டம். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் ஒரு சுரங்கப்பாதையின் வாயில் வண்டி நின்றது. உள்ளே தண்ணீர். எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. மழை என்றாலே முதலில் மூழ்குவது நம் சுரங்கப்பாதைகள்தான் என்பதை இங்கே குழந்தைகூடச் சொல்லும். ஆனாலும் பசியோடு காத்திருக்கிறவர்களின் நினைவு. சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் கூடும். "நாலு சக்கர வண்டிதானே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார், போ தம்பி" என்று ஒரு குரல் சொன்னது. சொன்னது பங்குத்தந்தையின் வாய்தான். அதை மறைக்கவேண்டியதில்லை.

பெரியவர் அமைதியாகச் சொன்னார்: "ஃபாதர், ஆண்டவர் பார்த்துக்குவாரு. ஆழத்தை நாமதான் பார்க்கணும்."

பிறகு விளக்கினார். நாலு சக்கரமும் இழுக்கிறதால வண்டி மிதக்காது. தண்ணி எஞ்சினுக்குள்ள போனா எந்த வண்டியும் நின்னுடும். பிரேக்கும் அப்படித்தான். எல்லா வண்டியிலயும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கு. ஃபோர் வீல் போட்டா வண்டி சீக்கிரம் நிக்கும்னு நெனச்சா தப்பு. அது கிளம்பறதுக்கும் ஏறறதுக்கும்தான் உதவும், நிக்கறதுக்கு இல்ல. பின்னாடி நாலு பிள்ளைங்க உக்காந்திருக்காங்க, ஃபாதர்.

நாங்கள் வண்டியைத் திருப்பினோம்.

சகோதர சகோதரிகளே, ஆலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, கீழே குதி, வானதூதர் தாங்கிக்கொள்வார்கள் என்று சொன்னவன் யார் என்று நமக்குத் தெரியும். அவன் திருப்பாடலையே மேற்கோள் காட்டித்தான் பேசினான். கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று ஆண்டவர் பதில் சொன்னார். நம்பிக்கை என்ற பெயரில் ஆழம் பார்க்காமல் இறங்குவது அந்த உச்சியிலிருந்து குதிப்பதைப் போன்றதுதான். அதிலும் அன்று நாங்கள் குதிக்கப் பார்த்தது எங்கள் உயிரை மட்டும் வைத்து அல்ல; பின்னால் இருந்த நான்கு வீட்டுப் பிள்ளைகளின் உயிரையும் வைத்து.

திருச்சபை நான்கு தலையாய நற்பண்புகளைக் கற்பிக்கிறது: முன்மதி, நீதி, மனத்திடம், அளவோடு இருத்தல். இவற்றில் முன்மதிக்கு மரபில் ஓர் அழகான பெயர் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1806-ஆம் எண்ணில் அதைப் பார்க்கலாம்: நற்பண்புகளின் தேரோட்டி. எவ்வளவு மனத்திடம் இருந்தாலும், எவ்வளவு இரக்கம் இருந்தாலும், தேரோட்டி இல்லாவிட்டால் குதிரை பள்ளத்தில்தான் இறங்கும். குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வு எழுதியவர் நடுச்சீட்டில் இருந்தார். படிக்காமலேயே அதை வாழ்ந்து காட்டியவர் ஓரச்சீட்டில் இருந்தார்.

வண்ணாரப்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பிடித்து எர்ணாவூர் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவி, வீட்டுச் சுவரில் கருப்புக் கோடு போட்டிருந்தது. வலையும் படகும் கறுத்துப்போய் மீனவச் சகோதரர்கள் கைப்பிசைந்து நின்ற நாட்கள். தார்ச்சாலையை விட்டு மண் பாதையில் இறங்கியதும் சேறும் எண்ணெயும் கலந்த ஒரு வழுக்கல்.

அங்கேதான் இரண்டாவது திருத்தம். தம்பி இன்னும் இரண்டு சக்கரத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி கொஞ்சம் திணறியது. அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது, சேறு தெறித்தது, வண்டி முன்னே போகாமல் கீழே இறங்கியது. பின்னாலிருந்து பிள்ளைகள் "ஃபோர் வீல் போடுண்ணா! ஃபோர் வீல் போடு!" என்று கத்தினார்கள். அழுத்திய காலை எடுக்காமலேயே தம்பி லிவரை இழுத்தார். உள்ளே இரும்பும் இரும்பும் அரைபடும் ஒரு சத்தம். பல்லைக் கடிப்பது போல இருந்தது.

பெரியவர் தம்பியின் தோளில் கை வைத்தார். "காலை எடு தம்பி. சக்கரம் நிக்கட்டும். அப்புறம் போடு."

கால் எடுத்ததும் சுழற்சி நின்றது. கிளட்சை மிதித்து, வண்டி அசையாமல் நிற்க, நியூட்ரலில் வைத்து ஃபோர் எல் போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது. பிறகு இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும், வண்டி மெல்ல ஊர்ந்து ஏறியது.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது பெரியவர் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததை அருகிலிருந்து கேட்டோம். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டும் முன்சக்கரத்துக்குப் போகும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்போதுதான் இரண்டையும் சேர்க்க முடியும். வண்டி நேராக, சீராக ஓடும்போது நான்கு சக்கரமும் ஒரே வேகத்தில் உருள்கின்றன. அப்போது காலை ஆக்சிலேட்டரிலிருந்து லேசாகத் தூக்கிவிட்டு லிவரைத் தள்ளினால், ஓடுகிற வண்டியிலேயே ஃபோர் ஹெச் விழுந்துவிடும். நிறுத்தக்கூட வேண்டாம். எந்த வேகத்துக்குள் போடலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றின் கையேட்டில் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று இருக்கும், சிலவற்றில் 100. பழைய ஜீப் வகையில் இறங்கிப்போய் முன்சக்கரத்தின் நடுவில் உள்ள பூட்டைக் கையால் திருப்பினால்தான் உண்டு. எதுவானாலும், பின்சக்கரம் வழுக்கிச் சுழலும்போது முன்சக்கரம் நிற்கிறது; ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது; அந்த நேரத்தில் சேர்த்தால் பல் தேயும், சில சமயம் உடையும். வளைவில் திரும்பும்போதும் போடக்கூடாது. ஃபோர் எல் போடவேண்டுமானால் பெரும்பாலான வண்டிகளை முழுவதும் நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

கடைசியாக அவர் சொன்னது: "சேறு கண்ணுக்குத் தெரியும்போதே போட்டிருக்கணும். தார் ரோடு முடியற இடத்துல, வண்டி நேரா போயிட்டிருக்கும்போது. மாட்டினதுக்கு அப்புறம் போடறது வைத்தியம். முன்னாடி போடறதுதான் டிரைவிங்."

நம் ஊர் ரயில்காரர்களும் இதையேதான் சொல்வார்கள். எஞ்சினில் மணல் பெட்டி உண்டு. தண்டவாளம் நனைந்து சக்கரம் வழுக்கினால் மணல் தூவுவார்கள். சக்கரம் வெறிபிடித்துச் சுழலும்போது தூவினால் சேதம். முதலில் விசையைக் குறைக்கவேண்டும். பிறகுதான் மணல்.

இதை நம் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் ஆட்டோ எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது. பழுது பார்க்கக் கந்து வட்டிக்கு ஐயாயிரம் வாங்குகிறார். அதை அடைக்க இன்னொருவரிடம் பத்தாயிரம். அதை அடைக்க இன்னொன்று. மனைவிக்குச் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று பயம். வேகமாகச் சுற்றுகிறார், இரவும் பகலும் ஓட்டுகிறார். வண்டி இன்னும் கீழே இறங்குகிறது. கடன்காரர் வாசலில் வந்து உட்கார்ந்த அன்றுதான் மனைவிக்குத் தெரிகிறது. அன்று இருவரும் சேர்ந்தாலும் சேரும்போது அந்த அரைபடும் சத்தம் வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு முதல் மருந்து புதிய கடன் அல்ல, புதிய வேகமும் அல்ல. காலை எடுக்கவேண்டும். உட்காரவேண்டும். மாட்டிக்கொண்டேன் என்று ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒப்புரவு அருளடையாளத்தில் நாம் செய்வதும் அதுதானே? சுழற்சியை நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்கிறோம். அருள் நம்மோடு இணைகிறது. அது மெதுவாகத்தான் இழுக்கும். ஆனால் இழுக்கும்.

இதைவிட மேலானது முன்கூட்டியே சேர்வது. வாயில் காப்பவர் விழித்திருப்பது திருடன் வந்த பிறகு அல்ல. சம்பளம் வந்த நாளில், பிள்ளை தேர்ச்சி பெற்ற நாளில், வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லாத நாளில் குடும்பமாக முழங்காலில் நிற்கிறோமே, அதுதான் நேர் சாலையில் லிவரைப் போடுவது. அன்று செபம் எளிதாக விழும். சத்தம் வராது. கணவனும் மனைவியும் மாதத்தில் ஒருநாள் வரவு செலவு நோட்டை நடுவில் வைத்துப் பேசுவதும் அதுவே. எசேக்கியேல் கண்ட காட்சியில் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடவில்லை. உயிரினங்கள் நகர்ந்தபோது நகர்ந்தன, நின்றபோது நின்றன. ஆவி ஒன்று, இயக்கமும் ஒன்று. தூய ஆவியார் நம்மை இணைக்க விரும்புவது அப்படித்தான். நாம்தான் சேற்றில் மாட்டிய பிறகு அவரைக் கூப்பிடுகிறோம்.

நம் பங்கின் பிழை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். அந்த டிசம்பரில் எந்தத் தெருவில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யாருக்குத் தினமும் இன்சுலின் போடவேண்டும் என்ற பட்டியல் நம்மிடம் இல்லை. அன்பியக் கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன, செபமாலை சொன்னோம், தேநீர் குடித்தோம். இதைக் கேட்டு எழுதத் தோன்றவில்லை. புதன்கிழமை முழங்கால் தண்ணீரில் நோட்டுப் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டோம். ஒரு மாடி வீட்டில், இரண்டு நாளாகத் தனியாக, மாத்திரை தீர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியை மூன்றாவது நாள்தான் கண்டோம். ஆலயத்திலிருந்து நான்காவது தெரு. பாட்டி கோபப்படவில்லை. "வந்துட்டீங்களா சாமி" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் உள்ளே அரைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வோர் அன்பியமும் செப்டம்பர் மாதத்திலேயே பட்டியலைப் புதுப்பித்துக் கொடுக்கிறது. வெயில் அடிக்கும் நாளில், நேர் சாலையில்.

மூன்றாவது திருத்தம் திரும்பி வரும்போது. இதை நம்மில் பலர் எதிர்பார்க்க மாட்டோம். பொருளெல்லாம் இறக்கியாயிற்று. மண் பாதையில் ஃபோர் ஹெச் போட்டு அழகாக வெளியே வந்தோம். கான்கிரீட் சாலை ஏறியும் தம்பி லிவரை மாற்றவில்லை. உள்ளே இருப்பது பாதுகாப்புதானே என்று நினைத்தார். ஒரு சந்திப்பில் திரும்பும்போது ஸ்டியரிங் கல்லாக இறுகியது. டயர் தேய்ந்து முனகியது. வண்டி துள்ளித் துள்ளித் திரும்பியது. லிவரை இழுத்தால் வரவில்லை. உள்ளே எதுவோ இறுக்கிப் பிடித்திருந்தது.

பெரியவர் சிரித்தார். "காஞ்ச ரோட்டுல நாலையும் சேர்த்துப் பிடிச்சா இப்படித்தான். கொஞ்சம் பின்னாடி எடு, நேரா விடு." அப்படிச் செய்ததும் இறுக்கம் தளர்ந்து லிவர் தானாக வந்தது.

காரணம் இதுதான். வளைவில் முன்சக்கரம் போகும் வட்டம் பெரிது, பின்சக்கரம் போகும் வட்டம் சிறிது. முன்சக்கரம் அதிக தூரம் ஓடியாகவேண்டும். சேற்றில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த சாலையில் வழுக்க இடமில்லை. இரண்டு தண்டையும் ஒன்றாகப் பூட்டியிருந்தால் அந்த முறுக்கு முழுவதும் உள்ளே ஏறும். எப்போதும் நான்கு சக்கரமும் ஓடுவதற்கென்றே செய்த வண்டிகளில் இந்த வித்தியாசத்தைத் தாங்க நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் இருக்கும். அது வேறு வகை. இந்த மாதிரி வண்டியில், நல்ல சாலை வந்ததும் விடுவித்தாகவேண்டும்.

சபை உரையாளர் மூன்றாம் அதிகாரத்தில் அணைப்பதற்கு ஒரு காலம், அணைக்காமல் இருப்பதற்கு ஒரு காலம் என்று படிக்கிறோம். முதல் பாதி நமக்குப் பிடிக்கும். ஆபத்தில் ஒன்று சேர்வதில் தமிழர்கள் கெட்டிக்காரர்கள். 2015 வெள்ளத்தில் நம் கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்து எத்தனை பேரைக் காப்பாற்றினார்கள்! இரண்டாவது பாதிதான் கடினம். ஆபத்து முடிந்த பிறகும் பிடியைத் தளர்த்தத் தெரியவில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் டைபாய்டு வந்தபோது தாய் ராப்பகலாகப் பிடித்துக்கொண்டார், சரி. இருபத்திரண்டு வயதில் அவள் வேலைக்குப் போகும்போதும் அதே பிடி என்றால் வளைவில் வண்டி முனகும். பிள்ளைகள் முன்சக்கரம். அவர்கள் போகும் வட்டம் நம் வட்டத்தைவிடப் பெரிது. அவர்கள் நம்மைவிட வேகமாகச் சுற்றுவது கீழ்ப்படியாமை அல்ல. சாலை வளைகிறது, அவ்வளவுதான். விடுவது என்றால் கழற்றி எறிவது அல்ல. முன்சக்கரம் அதே வண்டியில்தான் இருக்கிறது. சேறு வந்தால் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். லிவர் எதற்கு இருக்கிறது?

பங்குத்தந்தையர்களுக்கும் இது பொருந்தும். வெள்ள வாரத்தில் எல்லா முடிவையும் ஒருவரே எடுக்கவேண்டியிருந்தது. எந்தத் தெருவுக்கு எத்தனை பொட்டலம், யார் எந்த வண்டியில் என்பதை எல்லாம். தண்ணீர் வடிந்து, பொங்கல் கடந்து, தவக்காலமும் வந்துவிட்டது. அப்போதும் பூ அலங்காரம் முதல் ஒலிபெருக்கி வரை ஒருவரே தீர்மானித்துக்கொண்டிருந்தார். மரியாயின் சேனைச் சகோதரி ஒருவர்தான் மெல்லக் கேட்டார்: "ஃபாதர், தண்ணி எப்பவோ வடிஞ்சிடுச்சே?" அன்று கொஞ்சம் பின்னால் எடுத்து, நேராக விட்டோம். பங்குப்பேரவை மறுபடி மூச்சுவிட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓட்டுநர் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வத்திக்கான், சாலைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்றே பத்துக் கட்டளைகள் உண்டு. முதல் கட்டளை, மோசே மலையிலிருந்து கொண்டுவந்ததில் உள்ளதுதான்: கொலை செய்யாதே. உங்கள் தொழில் திருச்சபையின் பார்வையில் அவ்வளவு கனமானது. ஆகவே வண்டியின் கையேட்டை ஒருமுறையாவது படியுங்கள். படிக்க நேரமில்லை என்றால் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருநாள், ஆளில்லாத மண் மைதானத்தில் அந்த லிவரைப் போட்டு எடுத்துப் பழகுங்கள். மாதக்கணக்கில் தொடாத லிவர் தேவைப்படும் நாளில் இறுகிப்போயிருக்கும். ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் அங்கி போட்டவராக இருந்தாலும் சரி. அவர் சொல்வதைக் கேட்டு இறங்காமல் இருந்ததற்காக எந்த ஓட்டுநரையும் ஆண்டவர் கணக்குக் கேட்க மாட்டார்.

மற்றவர்களுக்கு இந்த வாரத்துக்கு மூன்று சிறு கடமைகள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒருவரின் பெயரை, அவருடைய மருந்தின் பெயரோடு, எழுதி உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். வீட்டில் மறைத்து வைத்திருக்கும் ஒரு சிக்கலை, அது இன்னும் சிறியதாக இருக்கும்போதே, ஒருவரிடம் சொல்லுங்கள். எப்போதோ ஓர் ஆபத்தில் இறுக்கிப் பிடித்து இன்னும் விடாமல் வைத்திருக்கும் ஒரு கையை மெல்லத் தளர்த்துங்கள்.

அந்தப் பெரியவர் இன்றும் ஞாயிறு முதல் திருப்பலிக்கு வந்து, கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். ஏன் அங்கே என்று கேட்டால், "பழக்கம் ஃபாதர், வெளியே வானத்தைப் பார்க்கணும்" என்பார். நற்செய்தியில் வரும் வாயில் காப்பவரை நாம் வெகுதூரம் தேடவேண்டியதில்லை.

செபிப்போம். வழியும் துணையுமான ஆண்டவரே, ஓடும்போதே உம்மோடும் ஒருவரோடு ஒருவரும் இணைந்திருக்கும் அறிவைத் தாரும். மாட்டிக்கொண்ட நேரத்தில் காலை எடுக்கும் தாழ்மையைத் தாரும். சாலை சீரானதும் பிறருக்கு இடம்விடும் அன்பைத் தாரும். இந்த மழைக்காலத்தில் சாலையிலும் கடலிலும் உழைக்கிற எங்கள் சகோதரர்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.